மொரிதாவின் தாடை

செஞ்சி
9-6-1967

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பதை இந்த ஊரே பத்திரிகையில் பார்த்துவிட்டது.

அவலூர்பேட்டை சந்தையில் நைனா மல்லாட்டைக் கடலை மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தாராம். பினாங்கிலிருந்து திரும்பி வந்திருக்கிற துணிக்கார ராஜாராம் அந்தப் பத்திரிகையை அவர் முகத்துக்கு எதிரே விரித்திருக்கிறார். வெள்ளை உடுப்பில் நீ காலைத் தூக்கி யாரோ ஒருவன் தொண்டையில் வைத்திருக்கிற படம். கீழே 'கராத்தே வீரர் எஸ். நேமிராஜ்' என்று பெயர். "இன்னா நயினாரே, கொசு கடிச்சாக்கூட தடவிக் குடுத்து அனுப்பற ஜைனருங்க நீங்க. உம்ம புள்ள ஆளையே எத்தறானே!" என்றாராம். சந்தையே சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்து நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தவர், "எனக்கு உப்பு வேணாம். அவன் கை இன்னொருத்தன் மேல படறது நிக்கற வரைக்கும்" என்றார். அவ்வளவுதான். அவர் தின்னாத உப்பை நாம் தின்பதா என்று அம்மா சட்டியிலேயே உப்பு போடுவதை விட்டுவிட்டாள். நீ காலைத் தூக்கியதற்கு நான் உப்பில்லாத குழம்பு குடிக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். நான் பதினொன்றாம் வகுப்புக்குத் தேறிவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நைனா வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார். "அவனயும் படிக்கத்தான் அனுப்புனேன். படிச்சிட்டுதான் கப்பல் ஏறினான். உனுக்கு பத்து போதும்." அகலூரில் வாசுபூஜ்யன் என்று ஒருவர். நிலம் இருக்கிறது, இருபத்தொன்பது வயது. கல்யாணப் பேச்சு நடக்கிறது.

நைனாவுக்கு ஒரு கடிதம் போடு. அடிக்கிற வேலையை விட்டுவிட்டேன் என்று இரண்டு வரி எழுது. உன் கடிதத்தை வாங்காமல் திருப்பி அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியும். அம்மா பெயருக்காவது எழுது. எனக்குப் பதில் போடுவதானால் மீனம்பாள் வீட்டு விலாசத்துக்குப் போடு, கீழே எழுதியிருக்கிறேன். என்னோடு படிக்கிறவள். வீட்டு விலாசத்துக்கு எழுதினால் என் கதை முடிந்தது.

பூச்சி விழுந்து சாகும் என்று இருட்டினதும் நைனா விளக்கை அணைக்கச் சொல்லுவார், உனக்குத் தெரியும். சிமினி விளக்கைத் தானியக்கூடைக்குப் பின்னால் வைத்துத் தாவணியால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். அப்படியும் ஒன்று விழுந்துவிட்டது. அம்மா இருமுகிறாள். நிறுத்துகிறேன்.

நீலாஞ்சனா


பினாங்கு
27-6-1967

நீலா,

உன் கடிதம் வந்தது. இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதக்கூடாது என்று நினைத்தேன். கோபம் போகவில்லை, எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தாயா? என் கால் அவன் தொண்டையில் இல்லை. ஒரு விரல் தள்ளி நிற்கிறது. எங்கள் ஆட்டத்தின் சட்டமே அதுதான். முழு வேகத்தில் குத்த வேண்டும், முகத்துக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் புள்ளி. தொட்டுவிட்டால் தப்பு. காயப்படுத்தினால் வெளியே போக வேண்டியதுதான். நாலு மூலையில் நாலு நடுவர்கள் கொடியோடு உட்கார்ந்து இதைத்தான் பார்க்கிறார்கள். நாலு வருஷமாக நான் கற்றுக்கொண்டது குத்துவதற்கு அல்ல, குத்தை நிறுத்துவதற்கு. ராஜாராமுக்கு இது தெரியுமா? நைனாவுக்குத் தெரியுமா?

விட்டுவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஆகஸ்டு கடைசியில் பாங்காக்கில் ஐந்து நாட்டுச் சங்கங்கள் கலந்துகொள்கிற போட்டி. எங்கள் சங்கத்திலிருந்து மூன்று பேர் போகிறோம், அதில் நான் ஒருவன். கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக நான் செத்தால் ஒரு ஆள் என்னை ஞாபகம் வைத்திருக்க மாட்டான். இங்கே களத்துக்குள் நின்றால் எதிரே இருக்கிறவன் என்னைக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான்.

கோட்டை வாசல் பக்கத்தில் வண்டிக்காரப் பையன்கள் என் சோற்றுப் பாத்திரத்தில் சாணியைப் போட்டு என்னை உதைத்தது உனக்குத் தெரியாது, நீ சின்னவள். நைனா எதிரே கடையில் இருந்தார். வந்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அவன்களைப் பார்த்து, "உங்க கோபம் உங்களுக்குத்தாம்பா வினை" என்றார். அவன்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு உதை கொடுத்தான்கள். அவர் கையைப் பிரிக்கவே இல்லை. அன்றைக்கு என் பல் ஒன்று போயிற்று. அதற்காக அவர் எதை விட்டார்? உப்பையா, புளியையா?

நீயே அவரிடம் சட்டத்தைச் சொல். நான் கெஞ்ச மாட்டேன்.

நேமிராஜ்


செஞ்சி
16-7-1967

அண்ணா,

நீ கெஞ்ச மாட்டாய். நான் போய்ச் சொல்ல வேண்டும். உனக்கும் நைனாவுக்கும் நடுவே கடல் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கதவுகூட இல்லை, அதை யோசித்தாயா?

சொன்னேன். உன் கடிதம் என்று சொல்லவில்லை, பினாங்கில் இருந்து வந்தவர்கள் சொல்ல மீனம்பாள் கேட்டாள் என்று சொன்னேன். நைனா படியில் மல்லாட்டையை அளந்துகொண்டே கேட்டார்.

"தொடாமலே செயிக்கறானா?"

"ஆமாம் நைனா. தொட்டா தோத்துருவாங்களாம்."

"கைல அடிக்கலன்னா மனசுல அடிக்கலியா? குத்தணும்னு நெனச்சுதானே கைய ஓங்கறான்? நெனச்ச அப்பவே அடிச்சாச்சு."

அவரே இன்னொரு படி அளந்து கொட்டிவிட்டு, "கோவத்தோட ஓங்கன கைய ஒரு வெரல் முன்னாடி நிறுத்தறது லேசு இல்ல. சாமியாருங்களுக்கே கஷ்டம்" என்றார். உன்னைப் பற்றி அவர் இந்த மாதிரி பேசி நான் கேட்டதில்லை. அப்புறம்தான் அதைச் சொன்னார். பாங்காக்கில் நீ ஒருவனையும் தொடாமல் ஆடி முடித்தால் அதை ஒரு நோன்பாக எடுத்துக்கொள்வாராம். உப்பு போட்டுக்கொள்வாராம். நான் பள்ளிக்கூடம் போகலாமாம். அதுவரைக்கும் அகலூர்க்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லியனுப்புவாராம். தொட்டுவிட்டால் அவர்கள் வரலாம்.

சந்தோஷப்படு என்கிறாள் அம்மா. எனக்கு எரிகிறது. நான் கணக்கில் எண்பது வாங்கியதை யாரும் கேட்கவில்லை. என் படிப்பு உன் கைக்கும் யாரோ ஒருவன் மூக்குக்கும் நடுவே இருக்கிற ஒரு விரல் இடத்தில் தொங்குகிறது. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மீனம்பாள்தான் புத்தகத்தில் காட்டினாள்.

அவளுக்கும் என்மேல் கோபம். அவள் வீட்டுக்கு இதுவரை தபால்காரர் வந்ததே இல்லை. இப்போது வெளிநாட்டுத் தபால் வருகிறது என்று தெருவே வந்து கேட்கிறது. உப்பைப் பற்றி நான் அழுதபோது, "உங்க வூட்ல சாப்புடாத கெடந்தா வெரதம். எங்க வூட்ல கெடந்தா பட்டினி. ரொம்ப அழுவாதடி" என்றாள். பாடத்தை மட்டும் தினமும் எழுதிக்கொண்டு வந்து கொல்லை வேலியில் செருகிவிட்டுப் போகிறாள்.

தொடாதே. வேறொன்றும் எழுதத் தெரியவில்லை. தோற்றாலும் பரவாயில்லை, தொடாதே.

நீலாஞ்சனா


பினாங்கு
2-9-1967

நீலா,

நேற்று ரயிலில் திரும்பி வந்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். தொட்டுவிட்டேன்.

முதல் இரண்டு ஆட்டமும் சுத்தமாக ஜெயித்தேன். இரண்டாவது ஆட்டத்தில் என் முஷ்டி அவன் மூக்கின் முன்னால் நின்றபோது அவன் கண் இமைகூட அசையவில்லை. மண்டபமே கைதட்டியது. நைனா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது ஆள் மொரிதா என்று ஒரு ஜப்பானியன், கல்லூரி மாணவன். ஆரம்பித்ததும் அவன் குத்து என் உதட்டில் பட்டது. ரத்தம் வந்தது. அந்தப் பக்கத்து நடுவருக்குத் தெரியவில்லை, கொடி எழவில்லை. நான் கையைக் காட்டினேன். தொடர்ந்து ஆடு என்றார்கள். மொரிதா சிரித்தான். ஜப்பான்காரர்கள் சங்கடப்பட்டாலும் சிரிப்பார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு வண்டிக்காரப் பையன்களின் சிரிப்பாகத்தான் தெரிந்தது. வாயில் ரத்தத்தின் உப்பு. அடுத்த குத்தை நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாமல் போனது என்று நடுவர்களிடம் சொன்னேன். உன்னிடம் அதைச் சொல்லப்போவதில்லை.

அவன் தாடை எலும்பு முறிந்துவிட்டது. என்னை வெளியே அனுப்பினார்கள். ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் நிற்கக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேள். பாங்காக் செய்தி செஞ்சிக்கு வராது. நீ நைனாவிடம் போய், தொடவில்லை, தோற்றுப் போனான் என்று சொல். பாதி உண்மைதானே? பள்ளிக்கூடம் போ. அவர் உப்பு தின்னட்டும். என் பாவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் உனக்குப் பங்கு வேண்டாம்.

நேமிராஜ்


செஞ்சி
17-9-1967

அண்ணா,

பங்கு வேண்டாமாம். பொய்யை என் வாயில் ஊட்டிவிட்டுப் பங்கு வேண்டாமாம்!

மீனம்பாள் கேட்டு வந்தாள் என்று, நீ சொன்னபடியே சொன்னேன். உன்மேல் இருந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை, அதனால் குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன். "தொடலியா?" என்றார். "தொடல நைனா. தோத்துட்டாரு." அவர் கண்ணை மூடிக்கொண்டு பகவான் பெயரைச் சொன்னார். "தோத்தாலும் பரவால்ல. புள்ள நின்னுட்டான்" என்றார். பிறகு இலை முன்னால் உட்கார்ந்து, "உப்பு கொண்டாடி" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கை ஓடவில்லை. ஜாடியைத் தேடி எடுத்தாள், அதில் உப்பு கட்டியாகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் குத்திப் பெயர்த்து ஒரு துண்டு வைத்தாள். நைனா சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார்.

அந்தக் கவளம் அவர் வாய்க்குப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. என் பொய்யால் அவர் விரதம் கெடப்போகிறது. "தொட்டுட்டாரு நைனா, தாடைய ஒடச்சிட்டாரு!" என்று கத்திவிட்டேன். கவளம் அப்படியே நின்றது.

கடிதம் எப்படி வந்தது, யார் வீட்டுக்கு வந்தது என்றெல்லாம் கேட்பார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. "அடிபட்ட புள்ள பேரு இன்னா?" என்றார்.

"மொரிதா."

"சோறு திங்கறானா?"

எனக்கு எப்படித் தெரியும்? தாடை உடைந்தவன் எப்படித் தின்பான் என்று அவரே சொல்லிக்கொண்டார். கவளத்தை இலையில் வைத்தார். "அந்தப் புள்ள மென்னு திங்கற வரைக்கும் எனக்கும் கஞ்சிதான்" என்று எழுந்துவிட்டார். முகம் தெரியாத ஒரு ஜப்பானியனுக்காக! பதினைந்து வயசு மகள் எதிரே நிற்கிறாள், அவளைக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அகலூருக்கு ஆள் போயாயிற்று. பேச்சுத் தவறாத மனுஷனாம்.

அடுத்த நாள் என்னை மேல்சித்தாமூர் கோயிலுக்கு அழைத்துப் போனார். "பொய் சொன்ன வாய்க்கு ஒரு வெரதம் எடு" என்றார். "இன்னா வெரதம் நைனா?" "எதுவானாலும் சரி. பெரியவங்க சொல்லி எடுக்கக்கூடாது, தானா எடுக்கணும். எடுத்தத யாரும் கலைக்கக்கூடாது. நானும் கலைக்க மாட்டேன்." கிழங்கையோ வெல்லத்தையோ விடுவேன் என்று நினைத்திருப்பார். அவரும் உன்னைப் போலத்தான், எதிரே நிற்பவள் என்ன செய்வாள் என்று பார்க்கவில்லை.

பார்சுவநாதர் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "பதினொன்னாம் வகுப்புல போய் ஒக்கார்ற வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." பூசை செய்கிறவர் திரும்பிப் பார்த்தார். நைனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வழியெல்லாம் அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வரும் ஐப்பசியில் பெண் பார்க்க வருகிறார்கள். பயமாக இருக்கிறது, அண்ணா. உன்மேல் கோபமாக இருப்பதால்தான் இதைத் தாங்க முடிகிறது.

நீலாஞ்சனா


பினாங்கு
4-10-1967

நீலா,

பேசாமல் இருக்கிற நீ கடிதத்தில் இவ்வளவு திட்டலாமா என்று கேட்க வந்தேன். வேண்டாம்.

மொரிதா இன்னும் பாங்காக் மருத்துவமனையில்தான் இருக்கிறான். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். குழாய் வைத்துக் கஞ்சியும் பழச்சாறும் உறிஞ்சுகிறான். நான் எழுதிய கடிதத்துக்கு அவன் நண்பன் பதில் போட்டிருக்கிறான். கம்பியைப் பிரிக்க இன்னும் சில வாரம் ஆகுமாம். நைனாவிடம் இதைச் சொல்லாதே, அவர் உடம்பு தாங்காது. தின்கிறான் என்று சொல்லிவிடு.

ஒரு வருஷம் எனக்கு ஆட்டம் கிடையாது. கப்பலுக்குச் சீட்டு எடுக்கட்டுமா? வந்து உன்னைச் சென்னைக்கு அழைத்துப் போய் ஏதாவது விடுதியில் சேர்க்கிறேன். அகலூர்க்காரனை வாசலிலேயே நிறுத்துகிறேன்.

நேமிராஜ்


செஞ்சி
24-10-1967

அண்ணா,

வராதே. நீ யாரையும் எந்த வாசலிலும் நிறுத்த வேண்டாம். நீ நிறுத்துகிற அழகைத்தான் பார்த்தோமே. மறுபடி ஒரு பொய்யையும் சொல்லித் தருகிறாய். உனக்குச் சூடு பட்டாலும் தெரியாதா?

அகலூரிலிருந்து அந்த வாசுபூஜ்யனும் அவர் அம்மா பவுனம்மாளும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

"பேரு இன்னாம்மா?" என்றார் பவுனம்மாள்.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெக்கமா? எங்கிட்ட இன்னா வெக்கம், சொல்லு."

அம்மா உள்ளேயிருந்து, "நீலாஞ்சனா" என்றாள்.

"அத நான் தரகர்கிட்டயே கேட்டுட்டேன். பொண்ணு வாயால கேக்கணும். இன்னா படிச்சிருக்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. பவுனம்மாள் நைனாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா நயினாரே, பொண்ணு ஊமையா? முன்னாலயே சொல்றதுக்கு இன்னா?"

நைனா என்னைப் பார்த்தார். தொண்டை வலி என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்த அப்பாவும் சொல்லியிருப்பார், அம்மா ஜாடைகூடக் காட்டினாள். அவர் வாயில் பொய் வராது. விரதத்தைக் கலைக்கச் சொல்லவும் முடியாது, அவரே வாக்குக் கொடுத்திருக்கிறார். கஞ்சி குடித்துக் குடித்துக் குரலும் இறங்கிப் போயிருந்தது. எல்லோருக்கும் எதிரே எழுந்து நின்று சொன்னார். "ஊமை இல்லம்மா. மறுபடியும் பள்ளிக்கூடம் போற வரைக்கும் பேசறதில்லன்னு கோயில்ல வெரதம் எடுத்திருக்குது. நாந்தான் நிறுத்திட்டேன்."

அப்புறம் பவுனம்மாள் பிடித்துக்கொண்டார். "அப்ப இந்தக் கல்யாணம் வேணாம்னுதானே பொண்ணு சொல்லுது? எங்கள எதுக்கு வண்டி கட்டி வர வச்ச? உங்க வூட்ல எல்லாருமே எதயாவது வுட்டுட்டுதான் இருப்பீங்களா? நீ சோத்த வுட்ட, பொண்ணு பேச்ச வுட்டுது, புள்ள ஊர வுட்டான். எம்புள்ள இங்க வந்து இன்னாத்த வுடறது?" வாசுபூஜ்யன் முதல்தடவையாக வாயைத் திறந்து, "வாம்மா போலாம், அதுக்கு இஷ்டமில்ல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அவர்கள் போன பிறகு நைனா என்னை அடிக்கமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் பயந்தேன். அவர் இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "பையை எடு" என்றார். பள்ளிக்கூடம் வரை அவர் முன்னால் போக நான் பின்னால் போனேன். தலைமையாசிரியையிடம் இத்தனை மாதம் நான் வராததற்கு யார் காரணம் என்பதையும் அவரே சொன்னார். அரைப் பரீட்சை ஆரம்பிக்க இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. மீனம்பாள் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். உட்கார்ந்ததும் அவளிடம்தான் முதல் வார்த்தை பேசினேன். குரல் தேய்ந்து வேறு யாருடையதோ போல வந்தது. "எந்தப் பக்கம்?" என்றேன். "நூத்திப் பன்னெண்டு. இவ்ளோ நாள் சேத்து வச்சி இதத்தான் பேசறியா?" என்றாள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நைனாவையும்தான். பள்ளிக்கூடம் எனக்கு யாரும் கொடுத்ததல்ல, நான் வாங்கியது. இதை இரண்டு பேரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நைனாவுக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கம்பியைப் பற்றி உண்மையைத்தான் சொன்னேன். "குழாயிலயா?" என்று கேட்டுவிட்டு, கஞ்சியை இன்னும் தண்ணீராக்கச் சொல்லிவிட்டார். இனிமேல் மீனம்பாள் வீட்டுக்கு எழுதாதே, அவளுக்கும் தெருவுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. நைனா பெயர் போட்டு வீட்டுக்கே எழுது. திருப்பி அனுப்ப மாட்டார், அனுப்ப முடியாது. அந்தப் பையன் எப்போது சோறு தின்பான் என்று உன்னைத் தவிர அவருக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? கடையை விட்டு வந்து தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டார்.

வாரம் ஒன்று எழுது. முதல் வரியில் மொரிதா என்ன சாப்பிட்டான் என்று எழுது. உன் நியாயத்தையெல்லாம் அதற்குக் கீழே எழுதிக்கொள். அவர் அதையும் படிப்பார்.

நீலாஞ்சனா